மலேரியா ஒழிப்பும் நமது அசிரத்தையும்

மலேரியா ஜுரத்தை 2030-ஆம் வருஷத்திற்குள் தேசத்தினின்று அறவே ஒழித்துவிடுவதென்று இந்திய சர்க்கார் 2016-ல் திட்டம் வகுத்தார்கள். திட்டத்தை நாம் மனப்பூர்வமாக ஆதரிக்கிறோம். ஆனால் இத்தகைய சங்கற்பம் நமக்குப் புதிதன்று.

சுதந்திரம் பெற்ற காலத்தில் இந்நோயால் வருஷந்தோறும் பீடிக்கப்பட்டோர் ஏழரைக் கோடிப் பேரென்றும், மாண்டோர் 8 லக்ஷம் பேரென்றும் மதிப்பிடப்பட்டது. 1953-ல் தேசிய அளவில் திட்டமிட்டு வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. மருந்து தெளிக்கலானார்கள். 1965-ல் நோயாளிகள் தொகை சுமார் ஒரு லக்ஷமாகச் சுருங்கிற்று. அதன்பின் நேர்ந்ததென்ன? 1976-ல் அத்தொகை 64 லக்ஷம்! கொசுக்கள் மருந்தை எதிர்த்து நிற்கப் பழகிவிட்டன என்பது உண்மையே. எனினும் பழி முழுவதையும் கொசுவின் தலையில் சுமத்துவது நியாயமாகாது. வெற்றி கிட்டிவிட்டதென்று கண்காணிப்பைத் தளர்த்தியதும், மருந்து காலத்தில் வந்து சேராததும், பட்டணங்களைப் புறக்கணித்ததும் மனிதர் செய்த காரியங்களல்லவா?

அண்டையிலுள்ள இலங்கையின் அனுபவமும் இதுவே. அங்கே 1963-ல் கண்ட நோயாளிகள் 17 பேர்தான். தெளிப்பு நின்றது, சில வருஷங்களில் நோயாளிகள் லக்ஷக்கணக்கில் பெருகினர். அத்தீவினர் பாடம் கற்றனர். உள்நாட்டு யுத்த காலத்திலும் அவர்கள் இவ்வேலையை முற்றும் கைவிடவில்லை. 2012-க்குப் பின் அங்கு உள்ளூர்த் தொற்று காணாமையால், 2016-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அத்தீவை மலேரியா அற்றதென அங்கீகரித்தது.

ஆகவே நோயாளிகள் குறையக் குறையச் செலவையும் ஊழியர்களையும் குறைக்கலாமென்ற எண்ணம் விபரீதமானது. நூறு பேரிடத்தில் நோயைக் காண்பதைவிட, எஞ்சிய ஒருவனைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கே அதிகச் சிரமம் வேண்டும். ஜுரம் கண்டவரின் இரத்தத்தை உடனே பரிசோதிக்க வேண்டும். வைவாக்ஸ் என்னும் வகைக் கிருமி ஜுரம் தணிந்த பின்னும் ஈரலில் ஒளிந்திருந்து, மாதங்கள் கழித்தும் தலைகாட்டும். அதற்கெனப் ப்ரைமாக்குவின் மாத்திரை 14 நாள் கொடுக்கப்படுகிறது. மூன்றாம் நாள் ஜுரம் விட்டதும் மாத்திரையை எறிந்துவிடுகிறவன் அண்டை வீட்டாருக்கும் நோயைச் சேமித்து வைக்கிறான்.

ஒரிஸ்ஸா, சத்தீஸ்கர் முதலிய காட்டுப் பிரதேசங்களில் மலைவாழ் ஜனங்களின் குடிசைவரை மருந்தும் கொசுவலையும் செல்லவேண்டும். சென்னை போன்ற நகரங்களிலோ, மலேரியாவைப் பரப்பும் கொசு மூடியில்லாத கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலும் நல்ல தண்ணீரிலேயே வளர்கிறது. மூடியிடாத வீட்டுக்காரருக்கு நகரசபையார் அபராதம் விதிப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. சர்க்கார் கட்டிடங்களின் மாடிகளை முதலில் பார்வையிட்டு, அபராதத்தை அங்கிருந்தே தொடங்குவார்களாக.