எஸ்.எம்.எஸ். வரட்டும், ரகசியம் வெளியே வர வேண்டாம்

மொபைல் போன் பேசவும் பாட்டு கேட்கவும் மட்டுமல்ல. எச்.ஐ.வி. உள்ள தாயிடமிருந்து குழந்தைக்குக் கிருமி செல்லாமல் தடுக்கவும் அது உதவும்.

சிகிச்சை இல்லாவிட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்று ஏற்படலாம். தாய் தினமும் மாத்திரை சாப்பிட்டு, பிறந்த குழந்தைக்கும் மருந்து கொடுத்தால் இது 5க்கும் கீழே இறங்கிவிடும். நாள் தவறக் கூடாது, அவ்வளவுதான். கென்யாவில் சிகிச்சை பெறுவோருக்கு வாரம் ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பி நலம் விசாரித்தார்கள். அவர்கள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டதை 2010ல் வெளியான ஆய்வு காட்டியது.

நம் ஊரில் இதை அப்படியே செய்யலாமா? திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் நான் பார்க்கும் வாடகை அறைகளில், பல குடும்பங்களுக்கு ஒரே போன்தான். அதுவும் கணவர் பாக்கெட்டில் இருக்கும். ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

எனவே என் கருத்து இதுதான். செய்தியில் நோயின் பெயரோ, மருந்தின் பெயரோ வரக் கூடாது. "செவ்வாய்க்கிழமை வாருங்கள்" என்றால் போதும். எந்த எண்ணுக்கு, எந்த நேரத்தில், எந்த மொழியில் என்று அந்தத் தாயிடமே முதலில் கேட்க வேண்டும். சம்மதம் இல்லாமல் ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டமும் தடுக்கிறது.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நீங்களும் கவனியுங்கள். போனை அதனுடன் இணைத்தால், வரும் எஸ்.எம்.எஸ். மானிட்டரிலும் தெரியும். செட்டிங்ஸில் நோட்டிபிகேஷனை நிறுத்தி வையுங்கள். சந்தேகம் இருந்தால் 1097க்குப் பேசலாம், கட்டணம் இல்லை.