டி.வி. பாட்டுப் போட்டியில் தில்லுமுல்லா? குட்டை உடைத்தது 29,978 ஓட்டு!

கமுதி: டி.வி.யில் பாட்டுப் போட்டி இறுதிச் சுற்று முடிந்த மறுநாள், கமுதி பஸ் நிலையத்துப் பக்கம் எந்த டீக்கடையில் வேண்டுமானாலும் போய் உட்காருங்கள். வேறு பேச்சே கிடையாது.

"நல்லாப் பாடுன புள்ளைய விட்டுட்டாய்ங்கண்ணே! நடுவர்கள் எல்லாம் ஒரு பக்கம் சாஞ்சுட்டாய்ங்க" என்பார் வத்தல் கமிஷன் கடை கணக்குப்பிள்ளை.

"அதெல்லாம் முதல்லயே முடிவு பண்ணியாச்சு தம்பி. நமக்குக் காட்டுறது நாடகம்" என்பார் கல்லாவில் இருக்கும் அண்ணாச்சி.

அப்படித்தானா? வெளியே வந்த சில சமாச்சாரங்களைப் புரட்டிப் பார்த்தால், இரண்டு பேர் சொல்வதும் பாதிதான் சரி என்று தெரிகிறது.

யாருக்குக் கோபம்?

விஜய் டி.வி.யின் "சூப்பர் சிங்கர்" போட்டியை எடுத்துக்கொள்வோம். 2012-ல் பட்டம் வாங்கிய சாய்சரண், நடுவர்கள் ஒரு கட்டத்தில் வெளியே அனுப்பி, "வைல்டு கார்டு" வழியாக மறுபடி உள்ளே வந்தவர். நேயர்கள் ஓட்டில் முதல் பரிசு தட்டினார். அப்படியானால் நடுவர் தீர்ப்பு தப்பா, நேயர் தீர்ப்பு தப்பா? அப்போதே சண்டை.

2015-ல் ஜூனியர் போட்டி. கர்நாடகச் சிறுமி ஸ்பூர்த்திக்கு முதல் பரிசு. கனடாவிலிருந்து வந்த ஈழத் தமிழ்ச் சிறுமி ஜெசிக்காவுக்கு இரண்டாம் பரிசு, ஒரு கிலோ தங்கம். அதை அனாதைக் குழந்தைகளுக்குக் கொடுப்பதாக மேடையிலேயே அறிவித்தார் அந்தப் பிள்ளை. பார்த்தவர்கள் கண்கலங்கினார்கள். "முதல் பரிசு இவளுக்குத்தான் வந்திருக்கணும்" என்றது ஒரு கூட்டம். "பரிதாப ஓட்டுதான் இவ்வளவு தூரம் கொண்டுவந்தது" என்றது இன்னொரு கூட்டம். பாடியவை இரண்டும் சின்னப் பிள்ளைகள். அதை யாரும் யோசிக்கவில்லை.

2016-ல்தான் பெரிய அமளி. பட்டத்தையும் 70 லட்சம் ரூபாய் வீட்டையும் வாங்கிய ஆனந்த் அரவிந்தாக்‌ஷன், ஏற்கெனவே சினிமாவில் பாடியவர். "புதுக்குரல் தேடுறோம்னு சொல்லிட்டு, பாடகரையே கூட்டிவந்து பரிசு கொடுத்தால் எப்படி?" என்று இணையத்தில் கிழி கிழி என்று கிழித்தார்கள். அவர் நன்றாகப் பாடினார், அதில் சந்தேகம் இல்லை. அவர் மேல் பாய்ந்தது அநியாயம் என்பது என் கருத்து. சேர்த்துக்கொள்ள விதி இருந்தால் அவர் என்ன செய்வார்? அந்த விதி முதல் வாரமே நேயர் காதில் விழுந்திருந்தால் இவ்வளவு ரகளை வந்திருக்காது.

"புகழுங்க சார்!"

நடுவர் பாரபட்சம் என்றால், பிடிக்காதவரை மட்டம் தட்டுவது என்றுதான் நினைக்கிறோம். வேறு ஒரு வகையும் இருக்கிறது.

2021-ல் சோனி டி.வி.யின் "இந்தியன் ஐடல்" போட்டிக்கு விருந்தாளியாகப் போனார் அமித் குமார். இந்திப் பாடகர் கிஷோர் குமாரின் மகன். போய்விட்டு வந்து, எல்லோரையும் புகழச் சொன்னார்கள், புகழ்ந்தேன், சம்பளம் வாங்கினேன் என்கிற மாதிரி பேட்டி கொடுத்துவிட்டார். அதே வருடம், அந்தப் போட்டியில் முன்பு நடுவராக இருந்த பாடகி சுனிதி சவுகானும், புகழச் சொன்னார்கள், அதனால்தான் விலகினேன் என்று சொன்னார்.

அதாவது மார்க் போடுகிறவருக்குச் சம்பளம் போடுவதே போட்டி நடத்துகிற முதலாளி. நடுவர் நல்லவராக இருந்தாலும் கை கட்டித்தான் இருக்கும்.

எனக்கு ஒரு பழைய ஞாபகம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு பேச்சுப் போட்டி. முதல் பரிசு நடுவருடைய மைத்துனர் மகனுக்கு. அவன் உண்மையிலேயே நன்றாகத்தான் பேசினான் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் மார்க் பட்டியலை யாரும் படிக்கவில்லை. அதனால் இன்றைக்கும் எங்களுக்கு அவன் "மைத்துனர் மகன்"தான்!

ஓட்டு வந்தால் ஒழுங்காகிவிடுமா?

நடுவரை நம்பாதே, ஜனங்களையே ஓட்டுப் போடச் சொல் என்றார்கள். அதுவும் நடந்தது.

2007 இந்தியன் ஐடல். கொல்கத்தா போலீஸில் கான்ஸ்டபிளாக இருந்த பிரசாந்த் தமாங் போட்டியில் இருந்தார். டார்ஜிலிங் மலையில் கூர்க்கா ஜனங்கள் வசூல் பண்ணி, செல்போனில் எஸ்.எம்.எஸ். ஓட்டாகக் குவித்தார்கள். அவர் ஜெயித்தார். டெல்லி ரேடியோவில் ஒரு அறிவிப்பாளர் கிண்டலடிக்க, சிலிகுரியில் கலவரம், ஊரடங்கு. ஓட்டு சேர்க்கும் வேலையில் முன்னால் நின்ற பிமல் குருங், அடுத்த மாதமே கூர்க்கா ஜனமுக்தி மோர்ச்சா என்று தனிக் கட்சி ஆரம்பித்தார். பாட்டுப் போட்டியில் ஆரம்பித்தது தனி மாநிலப் போராட்டத்தில் போய் நின்றது!

எஸ்.எம்.எஸ். காசு வேறு. 2007-ல் ஸ்டார் டி.வி. கோடீஸ்வரர் நிகழ்ச்சியோடு நடத்திய நேயர் போட்டிக்கு ஒரு எஸ்.எம்.எஸ். 2 ரூபாய் 40 காசு. பரிசு எங்கிருந்து வருகிறது என்று சொல்லவில்லை என்று வழக்கு. 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் ஸ்டார், ஏர்டெல் இரண்டுக்கும் சேர்த்து 1 கோடி ரூபாய் அபராதம் போட்டது. பிறகு சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்துவிட்டது.

மாட்டிக்கொண்ட கதை

இப்போது தலைப்புக்கு வருவோம். தென்கொரியா. "புரொட்யூஸ் 101" என்ற பாட்டு நடனப் போட்டி. ஜெயிப்பவர்களை முழுக்க முழுக்க நேயர் ஓட்டே தேர்வு செய்யும் என்று விளம்பரம். 2019 ஜூலையில் நான்காவது போட்டியின் முடிவை, ஓட்டு எண்ணிக்கையோடு அறிவித்தார்கள்.

ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? கழித்துப் பார்த்தார்கள். முதல் ஆளுக்கும் இரண்டாம் ஆளுக்கும் வித்தியாசம் 29,978. மூன்றுக்கும் நாலுக்கும் 29,978. இப்படி ஒரே எண் ஐந்து இடத்தில்!

டீக்கடையில் இதைச் சொன்னதும் கணக்குப்பிள்ளை கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "ரெண்டு பில்லுல ஒரே தொகை வந்தாலே நாங்க மறுபடி கூட்டிப் பார்ப்போம்ணே. அஞ்சு தடவையா?"

போலீஸ் புகுந்தது. நான்கு போட்டியிலும் ஓட்டில் கை வைத்தது தெரிந்தது. தயாரிப்பாளர் ஆன் ஜூன்-யங்குக்கு 2020-ல் இரண்டு வருட ஜெயில். 2021-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஓட்டு இருந்தும் நியாயமில்லாமல் வெளியே தள்ளப்பட்ட போட்டியாளர்கள் பெயரைக் கோர்ட்டே வாசித்தது.

அமெரிக்காவில் டி.வி. வினாடி வினாவில் முன்கூட்டியே பதில் சொல்லிக்கொடுத்த மோசடி 1959-ல் அம்பலமானதும், 1960-ல் அதைக் குற்றமாக்கிச் சட்டமே போட்டுவிட்டார்கள்.

முத்திரை இல்லாத தராசு

நம்ம அண்ணாச்சி கடைத் தராசுக்கு எடையளவு ஆபீசர் வந்து முத்திரை குத்துகிறார். இல்லாவிட்டால் அபராதம். டி.வி. ஓட்டுத் தராசுக்கு அப்படி முத்திரை குத்த ஆள் இல்லை. கடையும் அவர்களுடையது, தராசும் அவர்களுடையது, படிக்கல்லும் அவர்களுடையது.

நம்ம பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடு மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து விடுகிறார்கள். எந்த மாடு எந்தப் பிரிவு என்று ஓடுவதற்கு முன்னாலேயே முடிவு. எல்லையைத் தொடுவதை ரோட்டோரம் நிற்கிற அத்தனை பேரும் பார்க்கிறார்கள். அங்கேயும் தகராறு வரும். ஆனால் தகராறு கண்ணால் பார்த்ததைப் பற்றித்தான்.

பாட்டுக்கு எல்லைக்கோடு கிடையாது, வாஸ்தவம். எனக்குப் பிடித்த குரல் உங்களுக்குப் பிடிக்காது. அதனால்தான் எந்த நடுவர் யாருக்கு எவ்வளவு மார்க், எந்த வாரம் எவ்வளவு ஓட்டு, ஒரு ஆள் எத்தனை தடவை போடலாம், எண்ணியது யார் என்கிற முழுப் பட்டியல் வெளியே வரவேண்டும்.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குக் குரல் தேர்வுக்குப் போகிற அப்பா அம்மாக்கள் பஸ் ஏறுவதற்கு முன்னால் விண்ணப்பத்தைக் கடைசி வரி வரை படிக்கட்டும். இந்த மாதிரிப் போட்டிகளில் நடத்துகிறவர் முடிவே இறுதியானது என்று பொடி எழுத்தில் ஒரு வரி போடுவது வழக்கம்.

கிளம்பும்போது கணக்குப்பிள்ளை கேட்டார்: "அப்ப நம்ம போட்டியில முதல் ஆளுக்கும் ரெண்டாவது ஆளுக்கும் எவ்வளவுண்ணே வித்தியாசம்?"

"முழுக் கணக்கைக் கொடுத்தால்தானே கழிச்சுப் பார்க்க முடியும்?" என்றேன். டீக்குக் காசு அவரே கொடுத்தார்.