உள்ளூர் ஆட்டத்தை வானொலி மறக்கலாமா?

சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமங்களில் கோவில் கொடை என்றாலே கூடவே ஒரு கபடிப் போட்டியும் இருக்கும். கிழக்கே கோவில்பட்டிக்குப் போனால் ஹாக்கி. ஆனால் யார் ஜெயித்தார்கள் என்று பக்கத்து ஊருக்குத் தெரிய வேண்டுமானால், மறுநாள் பேப்பரின் மூலையில் வரும் நாலு வரிதான் கதி!

இந்தப் பகுதிக்கென்று ஒரு வானொலி இருக்கிறது. 1963ல் தொடங்கிய திருநெல்வேலி நிலையம். இது போன்ற நிலையங்கள் தனியாக நிகழ்ச்சி தயாரிப்பதை விட்டுவிட்டு, சென்னையிலிருந்தும் டெல்லியிலிருந்தும் வருவதை அப்படியே அஞ்சல் செய்தால் போதாதா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. 2021ல் தமிழக நிலையங்களை அஞ்சல் நிலையங்களாக்கப் போவதாகச் செய்தி பரவியபோது பலத்த எதிர்ப்பு கிளம்பியது. அப்படி நிலையங்களை மூடும் திட்டம் இல்லை என்று பிரசார் பாரதி மறுத்தது.

அஞ்சல் செய்யச் சொல்பவர்களின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஒரே நிகழ்ச்சியை நூறு நிலையங்களில் ஒலிபரப்பினால் செலவு குறையும். வானொலி கேட்பவர்களும் முன்பு போல் இல்லை. விளையாட்டு என்றால் ஜனங்கள் கேட்பது கிரிக்கெட்தானே, அதை டெல்லியே தரட்டுமே என்கிறார்கள்.

இங்கேதான் கணக்கு தப்புகிறது. வணிகவியல் முதலாண்டிலேயே சொல்லித் தருகிற விஷயம் ஒன்று உண்டு. மாற்றுப் பொருள் நிறைய உள்ள சரக்கைப் புதிதாக விற்க வருபவன் பிழைப்பது கஷ்டம். இந்திய அணியின் கிரிக்கெட்டுக்கு டிவி இருக்கிறது, செல்போன் இருக்கிறது. 2017லேயே தமிழ் வர்ணனைக்கென்று ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தனிச் சானல் தொடங்கிவிட்டது. இத்தனைக்கும் நடுவில், பெரும்பாலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வரும் வானொலி வர்ணனையைத் தேடி யார் வருவார்கள்? கோவில்பட்டி ஹாக்கிக்கோ கிராமத்துக் கபடிக்கோ அப்படி மாற்று கிடையாது.

இன்னொரு வேடிக்கையையும் கவனிக்க வேண்டும். ஆகாசவாணியே 1988ல் 'தேசிய அலைவரிசை' என்று ஒன்றைத் தொடங்கியது. நாடு முழுவதற்கும் ஒரே நிகழ்ச்சி. அது என்ன ஆனது? 2019 ஜனவரியில் சிக்கன நடவடிக்கை என்று சொல்லி அதை மூடிவிட்டார்கள். தேசியம் என்று பெயர் வைத்தால் மட்டும் செலவு மிச்சமாகிவிடாது என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

வெளிநாட்டையும் பார்க்கலாம். பிபிசி தன் உள்ளூர் வானொலிகளில் 2023ல் செலவைக் குறைத்தது. மதியத்துக்கு மேல் பல நிலையங்களுக்குப் பொது நிகழ்ச்சி என்றாக்கியது. ஆனால் உள்ளூர் விளையாட்டு நேரலையில் கை வைக்கவில்லை. கேட்பவர்களைப் பிடித்து வைத்திருப்பது எது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் கபடித் தங்கம் வென்ற அணியில் ஆடிய மணத்தி கணேசனும், 2022 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற ஹாக்கி அணியில் இருந்த கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் இந்த மண்ணில் ஆடித்தான் மேலே போனார்கள். இந்தியாவுக்கு ஆடிய பிறகு டெல்லி அவர்கள் பெயரைச் சொல்லும். அதற்கு முன்னால் சொல்வது யார்? அது உள்ளூர் வானொலியின் வேலை.

அதற்காகத் தேசிய ஒலிபரப்பே வேண்டாம் என்பதில்லை. இந்தியா ஆடும் நாளில் தாராளமாக அஞ்சல் செய்யட்டும். வாரத்தில் ஒரு மாலை, ஒரே ஒரு மணி நேரம் உள்ளூர் மைதானங்களுக்கு ஒதுக்கட்டும். இன்று ஒரு செல்போன் போதும், மைதானத்திலிருந்தே ஒரு கல்லூரி மாணவர் வர்ணனை சொல்லிவிடலாம். ஊர் ஜவுளிக்கடைகளிடம் விளம்பரம் கேட்டால் செலவில் ஒரு பங்காவது திரும்பி வரும். உள்ளூர்ப் போட்டிகளின் நேரடி வர்ணனைக்குத் தனியார் பண்பலைகளுக்கே அரசின் 2011 கொள்கை இடம் கொடுத்தபோது, அரசு வானொலிக்கு என்ன தயக்கம்?

பக்கத்து ஊர்ப் பையன் பாடிப்போய் மூன்று பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினான் என்று வானொலியில் கேட்டால், அந்த ஊரே ரேடியோவைத் தேடி எடுக்காதா? யோசித்துப் பாருங்கள்!