கடைக் கதவில் எழுதிய சொல்

காரில் போகும்போது ‘சோல் மேன்’ பாட்டைப் போட்டால் எங்கட சின்னவள் பின்சீட்டில் ஆடத் தொடங்கிவிடுவாள். போன சனிக்கிழமை கேட்டாள்: “அப்பா, ஏன் இதில ரெண்டு பேர் மாறி மாறிக் கத்துகினம்?”

சாம் மூர், டேவ் ப்ரேட்டர் இரண்டு பேரும் தேவாலயப் பாட்டில் வளர்ந்தவர்கள். ஒருவர் அழைக்க மற்றவர் பதில் சொல்வது அங்கே பழகியது. நம்முடைய பஜனையில் முன்பாட்டு, பின்பாட்டு மாதிரி என்றேன். அவளுக்கு விளங்கிவிட்டது. மேடையில் அப்படிச் சேர்ந்து பாடினவர்கள், இறங்கிவந்தால் வருஷக்கணக்காக முகம் பார்த்துப் பேசினதில்லை. அதை அவளுக்குச் சொல்லவில்லை. அக்காவோடு அன்று காலையும் சண்டை!

1978 இல் ப்ளூஸ் பிரதர்ஸ் இதே பாட்டைப் பாடினார்கள். அது அவர்களுடைய பாட்டு என்றுதான் நானும் கனகாலம் நினைத்திருந்தேன். இரண்டு பதிவிலும் கிதார் வாசித்தவர் ஸ்டீவ் குரோப்பர். 2022 இல் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பழைய சோல் பாட்டுகளை இசைத்தட்டாக்கியபோதும் சாம் மூரைக் கூட்டிவந்து பாடவைத்தார். போன வருஷம், 2025 ஜனவரியில், சாம் 89 வயதில் இறந்தார். டேவ் 1988 இலேயே கார் விபத்தில் போய்விட்டார்.

“சோல் எண்டால் என்ன?” அடுத்த கேள்வி.

1967 இல் டெட்ராய்ட்டில் கலவரம். கறுப்பின மக்களின் கடை என்று தெரிந்தால் எரிக்காமல் விடுவார்கள் என்று கதவில் ‘சோல்’ என எழுதி வைத்தார்கள். அதைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் இந்தப் பாட்டின் யோசனை வந்தது என்று ஐசக் ஹேஸ் சொல்லியிருக்கிறார். டேவிட் போர்ட்டரோடு சேர்ந்து பாட்டை எழுதினவர் அவர். டெட்ராய்ட் எங்கட ஸ்கார்பரோவிலிருந்து நாலு மணித்தியால ஓட்டம்தான்.

முன்சீட்டில் நித்திரை என்று நினைத்த அப்பா கண்ணைத் திறந்தார்.

“83 இல பக்கத்துக் கடை முதலாளி எங்கட கதவிலயும் சிங்களப் பேர் எழுதச் சொன்னவர். நான் எழுதேல்லை.”

“பிறகு, அப்பப்பா?”

“எரிஞ்சது.”

கொழும்பில் கடை இருந்தது எனக்குத் தெரியும். இந்தக் கதவுக் கதையை முப்பத்தாறு வயதில் அன்றுதான் கேட்கிறேன். மேலே என்ன கேட்பது என்று தெரியவில்லை. பாட்டு முடிந்திருந்தது.

“அதைத் திருப்பிப் போடு,” என்றார் அப்பா.