நடப்புக் கணக்குப் பற்றாக்குறை வெறும் 0.6%... ஆம்பூருக்கு இதில் நிம்மதி உண்டா?

ஆம்பூரில் தைத்த ஷூ கப்பல் ஏறினால் நாட்டுக்கு டாலர் வருகிறது. அந்த ஷூவுக்கான தோலோ கெமிக்கலோ வெளிநாட்டிலிருந்து வந்திருந்தால் டாலர் வெளியே போகிறது. இப்படி சரக்கு, சேவை, வட்டி, லாபம், வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம் என எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து வருவதுதான் நடப்புக் கணக்கு. போனது அதிகம்னா பற்றாக்குறை, வந்தது அதிகம்னா உபரி.

ஏன் சதவீதத்தில் சொல்றாங்க?

2024-25ல் இந்தியாவின் பற்றாக்குறை சுமார் 2,330 கோடி டாலர். தொகையைப் பார்த்தா மலைப்பா இருக்கும். ஆனா நாட்டின் மொத்த உற்பத்தியில் இது 0.6% மட்டுமே. இதே தொகை இலங்கைக்கு வந்திருந்தால் அந்த நாட்டுப் பொருளாதாரத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு!

2012-13ல் இந்தியாவுக்கே 4.8% வரை போனது. அடுத்த ஆகஸ்டில் டாலர் மதிப்பு 68 ரூபாயைத் தாண்டியது.

உபரி வந்தால் நல்லதா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று 2022 ஏப்ரலில் கைவிரித்த இலங்கை, 2023ல் உபரி காட்டியது. சுற்றுலாவும் வெளிநாட்டிலிருந்து வந்த பணமும் கைகொடுத்தது உண்மை. கூடவே கார் இறக்குமதிக்குத் தடை இருந்தது, மக்கள் கையிலும் காசு இல்லை. வாங்குவதைக் குறைத்தாலும் கணக்கு நேராகும்.

இந்தியாவின் 0.6%க்குள் என்ன இருக்கு?

சரக்கு வர்த்தகத்தில் மட்டும் சுமார் 28,700 கோடி டாலர் பள்ளம். அதை நிரப்புவது பெரும்பாலும் ஐடி சேவைகளும், வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் அனுப்பும் பணமும்தான். தோல் பொருள் ஏற்றுமதி ஆண்டுக்கு சுமார் 500 கோடி டாலர் அளவில்தான். அதனால் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் ஆர்டர் சரிந்தாலும் இந்த 0.6% பெரிதாக அசையாது. ஷூ கம்பெனிகளில் தையல் மெஷின் முன்னால் உட்காரும் பெண்களின் சம்பளம் மட்டும் அசையும்.

2025 ஆகஸ்ட் 27ல் இந்தியப் பொருட்கள் பலவற்றின் மீதான அமெரிக்காவின் கூடுதல் வரி 50% ஆனபோது, இங்கே எழுந்த பயம் அதுதான்.

ரூபாய் சரிந்தால் ஏற்றுமதியாளருக்கு லாபம் இல்லையா?

பாதிதான். ஒரு பேச்சுக்கு, 30 டாலர் ஷூவில் 10 டாலருக்கு இறக்குமதிப் பொருள் இருந்தால், நாட்டில் தங்குவது 20 டாலர். ரூபாய் விழுந்தால் அந்த 10 டாலருக்கான செலவும் ஏறும். 2025-26 மத்திய பட்ஜெட்டில் ‘வெட் ப்ளூ’ எனப்படும் பாதி பதனிட்ட தோலுக்கு இறக்குமதி வரியை முழுசா நீக்கியது இந்தச் சுமையைக் குறைக்கத்தான்.

அதே பட்ஜெட்டில் ‘க்ரஸ்ட்’ தோலுக்கான 20% ஏற்றுமதி வரியும் போனது. டேனரிகளுக்கு சந்தோஷம். ஆனா தோலாகவே வெளியே போனால், ஷூவாகத் தைத்து அனுப்பும்போது கிடைக்கும் கூலி இங்கே தங்காது.

பாலாற்றில் டேனரிக் கழிவு ஏற்படுத்திய சேதம் எந்த ஏற்றுமதிக் கணக்கிலும் கழிக்கப்படுவதில்லை. அதற்கு உச்ச நீதிமன்றம் 1996லும், மறுபடி 2025 ஜனவரியிலும் தலையிட வேண்டியிருந்தது.

நடப்புக் கணக்கை ரிசர்வ் வங்கி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுகிறது. தோலுக்கான வரவைத் தனியாகப் பார்க்க, வர்த்தக அமைச்சகத்தின் மாதாந்திர ஏற்றுமதிப் பட்டியலைத்தான் திறக்க வேண்டும்.