சங்கிலி இரும்பிலே மட்டும்தானா?

நெற்குப்பை, வீடுகளுக்குப் பஞ்சமில்லாத ஊர். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீண்டு செல்லும் செட்டிநாட்டு வீடுகள்! பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள் கட்டியவை. பேரப்பிள்ளைகள் இன்று சென்னையிலும் கடல் கடந்தும் வாழ்கிறார்கள்; வீடுகளில் பல, விசேஷ நாள் தவிரப் பூட்டியே கிடக்கின்றன. அதைக் குற்றமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் பூட்டிய கதவுகள் நிறைந்த இதே செட்டிநாட்டில், பஸ் நிலையத்துச் சிமெண்டுத் தரையிலும் கோயில் வாசலிலும், தலை சடைபிடித்து, தன்னோடு தானே பேசிப் படுத்திருக்கும் மனிதரைக் காணாதவர் உண்டா? 'பைத்தியம்' என்ற ஒரே சொல்லில் கதையை முடித்துவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறோம்!

நோய் முந்தியா, வறுமை முந்தியா என்று ஆராய்வோர் ஆராயட்டும். நாம் அறிந்த கணக்கு இது: கூலிக்காரன் ஒருவனுக்கு மனச்சிதைவு. சர்க்கார் ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம்தான். அதை வாங்கச் சிவகங்கை போய்வர ஒரு நாள் கூலி போயிற்று. துணைக்குப் போகும் மனைவியின் கூலியும் போயிற்று. இரண்டு மாதம் போவார்கள்; மூன்றாம் மாதம் போகமாட்டார்கள். மாத்திரை நின்றதும் நோய் திரும்புகிறது, வேலை போகிறது, வாடகை நிற்கிறது, சொந்தம் கதவைச் சாத்துகிறது. தெருவிலோ தூக்கமில்லை, சோறில்லை, கல்லெறி உண்டு. பெண்ணாயின் அதனினும் கொடுமை! நோய் முற்றாமல் என்ன செய்யும்?

மருத்துவம் எட்டாத குடும்பங்கள் தர்காவையும் கோயிலையும் நாடின. அவர்களைப் பழிப்பானேன்? வேறு போக்கிடம் எது? 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலை, ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பற்றியது. 1985 வரை நெற்குப்பையும் ஏர்வாடியும் ஒரே இராமநாதபுரம் மாவட்டம்தான். உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓட முடியவில்லை. 28 உயிர்கள் கருகின! உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்தது. ஏர்வாடிக் காப்பகங்கள் மூடப்பட்டன.

பின்னர், 2017இல், மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. நல்ல சட்டம், ஒப்புக்கொள்கிறோம். சங்கிலியிட்டுக் கட்டக்கூடாது என்கிறது. வீடற்றவருக்கு, அட்டை கேட்காமல், இலவச சிகிச்சை உரிமை என்கிறது. தன்னைக் காத்துக்கொள்ள இயலாது திரியும் நோயாளியைப் போலீசார் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் சர்க்கார் மருத்துவமனையில் சேர்க்கவேண்டும், லாக்கப்பில் அடைக்கக்கூடாது, காணாமற்போனவர் என்று பதிந்து குடும்பத்தைத் தேடவேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. கேட்கிறோம்: இந்தக் கட்டளை எத்தனை போலீஸ் நிலையச் சுவரில் எழுதப்பட்டிருக்கிறது? தெருவில் கிடப்பவனை ஜீப்பில் ஏற்றி அடுத்த ஊர் எல்லையில் இறக்கிவிடுவது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு?

மாவட்டம் மாவட்டமாகச் சுற்றி ஊர்களைப் பற்றி எழுதிவைத்த சோமலெ பிறந்த மண் நெற்குப்பை. கணக்கெழுதுவது இந்தச் சீமைக்குப் புதிய வித்தையா? மாவட்ட நிர்வாகம் முதலில், தெருவில் கிடக்கும் இந்த மனிதர்களை எண்ணட்டும். மாதம் ஒருநாள் மனநல மருத்துவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே அனுப்பட்டும். ஏழையின் இரண்டு நாள் கூலி மிஞ்சும். குணமடைந்து வெளிவருவோர் தங்க, வட்டத்துக்கு ஒரு விடுதி வேண்டும். கட்டடத்துக்கு நிதியில்லை என்று கைவிரிக்க வேண்டாம். பூட்டிய வீடுகளில் ஒன்றைக் குறைந்த வாடகைக்குத் தர முன்வரும் நகரத்தார் எவருமே இல்லையா? கேட்டுப் பார்த்தார்களா?