மாலையும் மனுவும்

பொதுக்கூட்டம் என்பது ஒரு சமுதாயத்தின் மனச்சான்று வாய் திறந்து பேசும் இடம். அங்கே எவருக்கு மாலை விழுகிறது, எவருடைய மனு படிக்கப்படுகிறது என்பதைக் கொண்டே அச்சமுதாயம் விழித்திருக்கிறதா, உறங்குகிறதா என்று அளந்துவிடலாம். இன்று ஜொகூர் மாநிலத்தில் தமிழர் நடத்தும் சமூகநீதிக் கூட்டங்களிலும் அமைதி விழாக்களிலும் மாலைகளுக்குக் குறைவில்லை, மனுக்களைத்தான் தேடவேண்டியிருக்கிறது.

நாட்காட்டியைப் புரட்டினால் வரவிருக்கும் நாள்கள் வரிசைபிடித்து நிற்கின்றன. பிப்ரவரி 20 உலக சமூகநீதி நாள்; மறுநாள் தாய்மொழி நாள். மார்ச் 8 மகளிர் நாள். மே முதல் நாள் தொழிலாளர் நாள். செப்டம்பர் 21 உலக அமைதி நாள். அக்டோபர் 17 வறுமை ஒழிப்பு நாள். டிசம்பர் 10 மனித உரிமை நாள். டிசம்பர் 18 புலம்பெயர்ந்தோர் நாள். ஜொகூர் பாருவிலும் குளுவாங்கிலும் சிகாமட்டிலும் மூவாரிலும் இந்நாள்களையொட்டி மண்டபங்கள் நிரம்பும். அழைப்பிதழ்கள் வழவழப்பான தாளில் வரும். அவற்றின் நிகழ்ச்சி நிரலோ என்றும் ஒன்றே: குத்துவிளக்கு, தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, மாண்புமிகு ஒருவரின் சிறப்புரை, பொன்னாடை, நன்றியுரை, விருந்து. எவருடைய துன்பத்துக்காக அந்த நாள் குறிக்கப்பட்டதோ, அவருக்கு அந்நிரலில் ஐந்து நிமிடமும் இல்லை.

கூட்டமே வேண்டாம் என்று சொல்வது பேதைமை. கூடிப் பேசியதனால்தான் மலாயாத் தமிழன் தலைநிமிர்ந்தான். 1929ஆம் ஆண்டு இறுதியில் பெரியார் ஈ. வே. இராமசாமி பினாங்கில் வந்திறங்கி, ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டில் பேசியபோது, சாதியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் அதனைக் கடலில் எறிந்துவிடலாம் என்று முதன்முறையாக எண்ணத் துணிந்தார்கள். தமிழவேள் கோ. சாரங்கபாணி 1952இல் சிங்கப்பூரில் தமிழர் திருநாளைத் தொடங்கினார். அது பாலம் கடந்து ஜொகூருக்கும், அங்கிருந்து மலாயா முழுமைக்கும் பரவியது. பொங்கல் வைப்பதோடு அதன் நோக்கம் முடிந்துவிடவில்லை. சாதியாலும் மதத்தாலும் பிரிந்து கிடந்தவர்களைத் தமிழர் என்னும் ஒரே பாயில் அமரச் செய்வதே அதன் குறிக்கோள். விழாவுக்குள் ஒரு வேலை இருந்தது. இன்று விழா இருக்கிறது. வேலை எங்கே போயிற்று?

வேலையுள்ள கூட்டம் எப்படியிருக்கும் என்பதை அறிய 1941ஆம் ஆண்டின் கிள்ளான் போதும். தோட்டப் பாட்டாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் கையில் ஒரு கோரிக்கைப் பட்டியல் இருந்தது. சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி வேண்டும், கொடுமைக்கார மேலாள்களை நீக்கவேண்டும், பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும், துரைக்கும் கிராணிக்கும் எதிரே வரும்போது மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும். கடைசிக் கோரிக்கையைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். அதனால் எவன் வயிறும் நிரம்பப் போவதில்லை. ஆனால் மனிதன் என்னும் மதிப்பு அந்த மிதிவண்டியின் மேல்தான் அமர்ந்திருந்தது. அவ்வளவு நுட்பமாகத் தங்கள் துன்பத்தை எழுதத் தெரிந்தவர்கள் பெரும்படிப்புப் படித்தவர்கள் அல்லர். அவர்களுக்குத் துணைநின்ற ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. ஆயினும் அந்தப் பட்டியல் வரலாற்றில் நின்றது. இன்றைய மாநாட்டுத் தீர்மானங்களுள் எத்தனை, தீர்மானம் போட்டவர் நினைவிலேனும் நிற்கின்றன?

இன்னொரு நினைவும் உண்டு. 1949 மே 3ஆம் நாள் தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் மே 4இல், அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசு அவருக்காக மன்றாடியும் பயனில்லை. அவர்களுடைய அரசியலை ஏற்பாரும் உளர், மறுப்பாரும் உளர். அது வேறு வழக்கு. மே முதல் நாளை அடுத்தே வரும் இவ்விரு நாள்களும் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தெரியாமற் போனதற்கு எவர் விடை சொல்வது? மே தினத்தன்று அதிர்ஷ்டக் குலுக்கு நடத்த நேரம் இருக்கிறது. இவ்விருவரைப் பற்றி அரைமணி நேரம் விவாதிக்க நேரம் இல்லை.

அக்டோபர் 17ஐ எடுத்துக்கொள்வோரும் அதில் பாதியையே எடுத்துக்கொள்கின்றனர். உலகம் அதனை வறுமை ஒழிப்பு நாளாகக் கொண்டாடுகிறது. 1943ஆம் ஆண்டு அதே நாளில்தான் சயாமையும் பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர் மரண இரயில் பாதையின் இரு முனைகளும் ஒன்று சேர்ந்தன. அப்பாதையில் மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 12,000 பேர். காஞ்சனாபுரியில் அவர்களுக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு. பெரும்பாலான கற்களில் பெயர் உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஏற்றிச் செல்லப்பட்டு, வாந்திபேதியாலும் பசியாலும் காட்டில் மாண்ட பல்லாயிரம் தமிழர்க்கு அத்தகைய கல் கிடைக்கவில்லை. வறுமையும் போரும் ஒரே தண்டவாளத்தில் ஓடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நாள் வேறு எது? சமூகநீதிக் கூட்டமும் அமைதிக் கூட்டமும் தமிழனுக்கு இரண்டல்ல, ஒன்றே என்பதற்கு அந்தப் பெயரற்ற குழிகளே சான்று.

இந்நாட்டில் அமைதியாகக் கூடுவது பற்றி 2012ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று உண்டு. பொதுவிடத்தில் கூட விரும்புவோர் காவல்துறைக்கு முன்னறிவிப்புக் கொடுக்கவேண்டும் என்கிறது அச்சட்டம். முன்னறிவிப்பே வேண்டாத கூட்டங்கள் எவையென்றும் அது பட்டியலிடுகிறது: சமயக் கூட்டங்கள், திருமண விருந்துகள், இறுதி ஊர்வலங்கள், பெருநாள் விருந்துபசரிப்புகள், குடும்ப ஒன்றுகூடல்கள், சங்கங்களின் பொதுக்கூட்டங்கள். ஊரில் நடக்கும் சமூகநீதி விழாக்களைக் கூர்ந்து நோக்குபவர்க்கு ஓர் ஐயம் எழும். வரவேற்பில் சந்தனமும் கற்கண்டும், நடுவில் மாலையும் படமும், முடிவில் பந்தியும் என்றால், அது எந்தப் பட்டியலைச் சேர்ந்தது? எவரையும் கேள்வி கேளாத கூட்டத்துக்கு எவருடைய அனுமதியும் தேவைப்படாது.

இதுவரை சொன்னவை நினைவைப் பற்றியவை. இனிச் சொல்ல வேண்டியதே கசப்பானது. சஞ்சிக்கூலிகளாகத் தமிழர் வந்த தோட்டங்களில் இன்று செம்பனைக் குலை அறுப்பவர் யார்? அவர்கள் வசித்த லயங்கள் இருந்த இடத்தை அடுத்து எழுந்த தொழிற்சாலைகளில் இரவுப்பணி செய்பவர் யார்? வங்காளதேசத்தவர், இந்தோனேசியர், நேப்பாளியர், மியன்மாரியர். ஊரில் முகவருக்குக் கடன்பட்டு, அந்தக் கடனை அடைக்க இங்கு உழைத்து, ஊதியமே கிடைக்காமற் போனாலும் ஊர் திரும்ப வழியின்றித் தவிப்பவர்கள். கப்பற் செலவுக் கடனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்த தமிழனின் கதை, பெயர் மாறி, மொழி மாறி மீண்டும் நடக்கிறது. சஞ்சிக்கூலி முறை 1910இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடன் மட்டும் ஒழியவில்லை.

2023 டிசம்பர் மாதம் இதே ஜொகூரில், பெங்கெராங் வட்டாரத்தில், 171 வங்காளதேசத் தொழிலாளர்கள் காவல் நிலையத்தை நோக்கி நடந்து சென்றார்கள். வேலை தருவதாக அழைத்து வந்த முகவர் வேலை தரவில்லை என்று புகார் கொடுப்பதற்காகவே அவர்கள் நடந்தார்கள். புகார் கொடுக்கச் சென்றவர்கள் வழியிலேயே பிடித்துவைக்கப்பட்டார்கள். பின்னர் 2024இல், வேலை கிடைக்காமல் வஞ்சிக்கப்பட்ட 733 வங்காளதேசத் தொழிலாளர்களுக்குப் பத்து இலட்சம் வெள்ளிக்கு மேல் ஊதியம் தரப்படவேண்டும் என்பது ஜொகூர் பாரு தொழிலாளர் துறையின் முன் உறுதியாயிற்று. மனித உரிமை நாளும் புலம்பெயர்ந்தோர் நாளும் அடங்கிய மாதத்தில் நடந்த நடை அது. அதன் பிறகு கூடிய தமிழ் மேடைகளில் எத்தனை மேடைகள் அந்த 171 பேரைப் பற்றி ஒரு சொல் சொல்லின? கொத்தடிமைத்தனத்தை உடலால் அறிந்த இனத்துக்கு அந்தக் காட்சி புதிதா?

“நமக்கே ஆயிரம் குறை, அயலானுக்கு எதற்குப் பரிவு?” என்று கேட்பார் உளர். அக்கேள்வியில் உண்மை இல்லாமல் இல்லை. தோட்டம் துண்டாடப்பட்டு வீடிழந்தவர்களும், அடையாள அட்டையின்றி அலைபவர்களும், பட்டணத்து அடுக்குமாடிகளில் திசை தெரியாமல் வளரும் பிள்ளைகளும் தமிழரிடையே இன்னும் உளர். அவர்களை மறந்துவிட்டு உலக நீதி பேசுவது ஊருக்கு உபதேசமாகவே முடியும். ஆனால் அக்கேள்வியின் மறுபாதி பொய். குறைந்தபட்ச ஊதியம் 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாக நடைமுறைக்கு வந்து, 2025இல் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அச்சட்டம் உள்நாட்டவர், வெளிநாட்டவர் என்று பாராமல் தொழிலாளிக்கு உரியது. வெளிநாட்டவனுக்கு அதைக் கொடாமல் ஏமாற்ற முடியுமாயின், உள்நாட்டுத் தமிழனை எவர் 1,700 வெள்ளிக்கு அமர்த்துவார்? அயலானுக்கு இழைக்கப்படும் அநீதி தமிழ்த் தொழிலாளியின் கூலியையும் அரித்துத் தின்னும். 1941இல் சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி கேட்டவர்கள் இந்தக் கணக்கை அறிந்திருந்தார்கள். பேரப்பிள்ளைகள் மறந்துவிட்டார்கள்.

அமைதி என்ற சொல்லும் இங்கே தெளிவுபெற வேண்டும். புறா பறக்கவிடுவதும் மெழுகுவத்தி ஏற்றுவதும் அமைதிக்கு அடையாளங்களாகலாம், அமைதி ஆகமாட்டா. குறை சொல்லச் சென்றவனைத் தடுத்து நிறுத்தினால் தெரு அமைதியாகத்தான் இருக்கும். அந்த அமைதி சுடுகாட்டுக்கும் உண்டு. நீதி கேட்பவன் அச்சமின்றிக் கேட்டு, விடை பெற்று வீடு திரும்பும் நிலையே அமைதி.

ஆகவே வரவிருக்கும் நிகழ்ச்சிகளுக்குத் திட்டமிடும் மன்றங்கள் சில நெறிகளைக் கைக்கொள்ளலாம். முதல் உரை துன்பப்பட்டவருடையதாக இருக்கட்டும். சிறப்பு விருந்தினர் அதன்பின் எழுந்து அதற்கு விடை சொல்லட்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே ஒரு கோரிக்கை, எவரிடம் கேட்கப்படுகிறது, எந்நாளுக்குள் என்பவற்றோடு எழுதப்பட்டு அனைவர் முன்னிலையிலும் படிக்கப்படட்டும். அடுத்த ஆண்டுக் கூட்டம் அந்தக் கோரிக்கை என்னவாயிற்று என்ற அறிக்கையோடு தொடங்கட்டும். பொன்னாடைக்குச் செலவாகும் பணம் ஊதியம் இழந்த ஒருவரின் வழக்குக்குப் போகட்டும். மண்டபத்தின் பின்வரிசையில் தமிழறியாத தொழிலாளர் சிலரும் அமரட்டும். அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல மேனிலைப்பள்ளி மாணவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். அந்த மாணவர் அன்று கற்கும் பாடத்தை எந்த வகுப்பறையும் கற்பிக்காது.

இவையெல்லாம் ஆகாத காரியங்கள் அல்ல. கூலிப்பட்டாளம் சூழ்ந்து நின்ற காலத்திலேயே கோரிக்கை எழுதத் தெரிந்த கைகளின் வழிவந்தவர்கள், குளிரூட்டப்பட்ட மண்டபத்தில் அமர்ந்து ஒரு மனு எழுத அஞ்சுவார்களாயின் அதற்குக் காரணம் அடக்குமுறை ஆகாது, சோம்பல்தான். மாலை மறுநாளே வாடிவிடும். நேர்மையாக எழுதப்பட்ட மனு, எழுதியவன் மறைந்த பின்னும் விடை கேட்டுக்கொண்டிருக்கும். ஜொகூர்த் தமிழரின் அடுத்த கூட்டம் எதைக் கையில் ஏந்தி மேடையேறப் போகிறது என்பதே இன்றைய கேள்வி.